மலாயாத் தமிழரும் சட்டக் கிராணிகளும்

நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரின் பெயர் தீர்ப்பேட்டில் நிலைபெறும். கட்சிக்காரர் சொல்வதைக் கேட்டு எழுதி, பத்திரங்களைத் தொகுத்து, நாள் தவறாமல் பதிவு செய்பவரின் பெயர் எங்கும் நிலைப்பதில்லை. தமிழகத்தில் அவரை வக்கீல் குமாஸ்தா என்பர். மலேசியாவில் கிராணி என்பர். குமாஸ்தா பாரசீகச் சொல்; கிராணி என்பது மலாய் மொழியில் 'கெராணி' என வழங்குவது. பெயர் வேறாயினும் பணி ஒன்றே. மலாயாவில் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தோட்டத்துத் தமிழரோ தமிழ் ஒன்றையே அறிந்தவர். இவ்விரண்டிற்கும் இடையே பாலமாக நின்றவர்களுள் கிராணியும் ஒருவர்.

இத்தொழிலிலிருந்து உயர்ந்தோருள் முதன்மையாகக் கூறத்தக்கவர் தம்புசாமி பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து இராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்ற அவர், ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் கிராணியாக அமர்ந்தார். 1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது, பிள்ளையும் உடன் கிள்ளானுக்கு வந்தார். பின்னர் அரசாங்கக் கருவூலத்தில் உயர் பதவி வகித்தார். ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். பத்துமலை முருகன் கோயிலை நிறுவியவரும் அவரே. 1902-இல் மறைந்த அப்பெருமகனின் பொதுவாழ்வு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தொடங்கியது என்பதைப் பலரும் நினைப்பதில்லை.

எல்லாக் கிராணிகளுக்கும் அத்தகைய ஏற்றம் வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கூலிப் பாக்கி, கங்காணிக் கடன், வேலைநீக்கம், விபத்து நட்டஈடு எனத் தொழிலாளர் குறைகளும் பெருகின. தோட்டக் கிராணி நிர்வாகத்தின் சம்பளத்தில் இருந்தவர். அவர் எழுதிய கணக்கின்மீதே குறை எழுந்தால் அவரிடமே மனு எழுதச் சொல்வது எங்ஙனம்? ஆதலின் பட்டணத்திற்கு நடந்து, எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடவேண்டியதாயிற்று. தொழிலாளர் இலாகாவின் வெள்ளை அதிகாரிகள் சிலரை அரசாங்கம் சென்னை மாகாணத்திற்கு அனுப்பித் தமிழ் கற்கச் செய்தது. எனினும் அவர்கள் கையில் சேரும் மனுவை யாரேனும் ஒருவர் எழுதியாக வேண்டுமன்றோ?

1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தபின் இப்பணியின் பெரும்பகுதி சங்க அலுவலர்களிடம் சென்றது. 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், வழக்கறிஞர் அல்லாத சங்க அலுவலரும் தொழிலியல் நீதிமன்றத்தில் தொழிலாளர்க்காக நிற்க இடமளித்தது. அதற்கடுத்த ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. பல்லாண்டு பால்மரம் சீவியவர் ஆயிரக்கணக்கில் தமிழகம் திரும்ப நேர்ந்தது. பிறப்புச் சான்றும் குடியுரிமை விண்ணப்பமும் உரிய காலத்தில் எழுதப்படுவதன் அருமையைச் சமூகம் அப்போது உணர்ந்தது. பலருக்கு அவ்வுணர்வு காலங்கடந்தே வந்தது.

இன்று சட்டக் கிராணியின் பணி எத்தகையது என்பதற்குத் தஞ்சோங் மாலிம் நல்ல எடுத்துக்காட்டு. பெர்ணம் ஆற்றின் வடகரையில் உள்ள இந்நகர் பேராக்கைச் சேர்ந்தது. தென்கரையிலுள்ள உலு பெர்ணம் சிலாங்கூருக்கு உரியது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இரு கரைக்கும் பொதுவேயாயினும், நிலம் மாநில அரசின் அதிகாரத்துள் அடங்குவது. ஆகவே பாலத்தைக் கடந்தால் நிலப் பதிவுக்கு நாடவேண்டிய அலுவலகமும் வேறாகும். 2016-இல் முவாலிம் தனி மாவட்டமானபின் வடகரையின் அமைப்பும் மாறியது. எந்த நிலத்திற்கு எங்கே பட்டயத்தைச் சரிபார்ப்பது, எவ்வளவு முத்திரைக் கட்டணம் செலுத்துவது, எந்நாளுக்குள் பதிவது என்பனவெல்லாம் கிராணி அறிந்திருக்க வேண்டியவை. நீதிமன்ற மொழி மலாயாகிவிட்ட இந்நாளில் அவர்க்கு மலாயும் ஆங்கிலமும் இன்றியமையாதன.

இப்பணிக்கு எல்லையும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டத்தின்படி, தகுதி பெறாதவர் கூலி பெற்றுக்கொண்டு வழக்குப் பத்திரமோ சொத்துப் பத்திரமோ தயாரிப்பது குற்றம். வழக்கறிஞரின் பொறுப்பிலேயே கிராணி இயங்கவேண்டும். ஏழைக்கு இரங்கித் தாமே சட்ட ஆலோசனை கூறத் துணிபவர், தமக்கும் அவ்வேழைக்கும் ஒருசேரத் தீங்கு தேடுவார்.

எல்லைக்குட்பட்ட அப்பணியிலும் ஒரு பெரும் பொறுப்பு அடங்கியுள்ளது. எழுத்தறியாதவர் சத்தியப் பத்திரத்தில் கைந்நாட்டு இடுமுன், அவருக்குத் தெரிந்த மொழியில் அதனைப் படித்து விளக்கியதாகச் சான்று எழுதவேண்டும் என்பது நீதிமன்ற விதி. அவ்வாறு படித்து விளக்கும் பணி பலகாலும் தமிழறிந்த கிராணியிடமே வந்து சேர்கிறது. 'விற்பனை', 'ஈடு', 'பொறுப்பு விடுவிப்பு' ஆகியவற்றின் வேறுபாட்டை அவர் எளிய தமிழில் தெளிவுறச் சொன்னாரா என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் நிற்கும். தமிழாசிரியர் வகுப்பில் கற்பிக்கும் பொருள் தெளிவு, பரீட்சைத் தாளுக்கு அப்பால் இத்தகைய மேசைகளிலும் பயன்படுகிறது.