82 டிகிரி

பிரிட்டனில் வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடேற்றம் அமைத்தவர்களின் பழைய கணக்குகளில் ஓர் எண் விடாமல் வரும்: 82. பாய்லரிலிருந்து ரேடியேட்டர்களுக்குப் புறப்படும் நீர் 82 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும்; அறைகளைச் சுற்றிவிட்டு 71-இல் திரும்ப வேண்டும். புதிதாக ஓர் அளவு வகுப்பவர் 80, 70 என்று முழு எண்ணாகத்தான் வகுப்பார். இந்த ஒட்டாத எண்களை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பார்த்தால் அவற்றின் வயது தெரிந்துவிடுகிறது: 180, 160. நிலக்கரிக் காலத்தில் வகுத்த முழு எண்கள் இவை. நாடு செல்சியஸுக்கு மாறியபோது எண்ணைப் பெயர்த்தார்கள், வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் ஒரு வீட்டின் கேஸ் செலவு அக்கம்பக்கத்து வீடுகளைவிட எகிறினால் பழி முதலில் பாய்லர் மேல் விழும், ஆளை அழைத்துக் கழற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் பாய்லர் பழுதாகியிருக்காது என்பதும், அதற்கு இடப்பட்ட நீரின் வெப்பமே பிழை என்பதும், அந்தப் பிழைக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு என்பதும் என் வாதம்.

வெந்நீரைக் குழாயில் சுற்றவிட்டு ஓர் இடத்தைச் சூடாக்கும் கலை மனிதருக்காகத் தொடங்கவில்லை. 1770-களில் பாரிஸை ஒட்டிய பகுதியில் போன்மெய்ன் என்பவர் கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்க வெந்நீர்க் குழாய்களைப் பயன்படுத்தினார். முட்டைக்கு இளஞ்சூடு போதும், அது மாறாமலும் இருக்க வேண்டும் என்பதால் வெப்பம் ஏறினால் தானே காற்றைக் குறைத்து அடுப்பைத் தணிக்கும் பொறியையும் செய்தார். தெர்மோஸ்டாட்டின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஆக, இந்தக் கலை பிறந்தபோது மிதமான நீரையே நம்பியிருந்தது. இங்கிலாந்துக்குப் போனதும் நிலை மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் 1831-இல் காப்புரிமை பெற்ற முறையில், தடித்த இரும்புக் குழாய்களுக்குள் அடைபட்ட நீர், உயர் அழுத்தத்தில் கொதிநிலையையும் தாண்டிச் சுற்றியது. லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோனின் வீடும் அப்படித்தான் சூடேற்றப்பட்டது. அந்த உச்சம் நிலைக்கவில்லை என்றாலும் நீர் சூடாக இருக்க வேண்டியதற்கு வலுவான காரணங்கள் இரண்டு இருந்தன. பம்ப் இல்லாத காலத்தில் சூடான நீர் இலேசாகி மேலேறும், ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும். அந்த எடை வேறுபாடு ஒன்றே நீரை நகர்த்தியது. நீர் மந்தச் சூட்டில் இருந்தால் தூரத்து அறைக்குப் போய்ச் சேராது. இன்னொரு காரணம் புகை. நிலக்கரியில் கந்தகம் உண்டு. திரும்பி வரும் நீர் ஆறிப்போயிருந்தால் பாய்லரின் உட்சுவரில் புகையின் ஈரம் படிந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். அதனால் திரும்பும் நீரை வேண்டுமென்றே சூடாக வைத்திருந்தார்கள். 160 ஃபாரன்ஹீட் என்பது இரும்பைக் காப்பாற்ற இட்ட வேலி. அந்தக் காலத்துக்கு அது முற்றிலும் நியாயமான எண்.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டமும், அதைத் தொடர்ந்து 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டமும் கரியடுப்பின் ஆட்சியை ஆட்டம் காண வைத்தன. அதே பத்தாண்டில் மின்பம்ப் வைத்து அரை அங்குலச் செப்புக் குழாய்களில் நீரைத் தள்ளும் சிறுகுழாய் முறை பரவியது. நீரைத் தள்ள இனி சூடு தேவையில்லை, பம்ப் தள்ளும். மேலே சொன்ன முதல் காரணம் அன்றே காலாவதியானது. 1961-இல் பார்க்கர் மோரிஸ் குழு வீட்டு வசதிக்கு அளவுகோல் வகுத்தபோது, வெளியே உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழே இருக்கையில் வாழும் அறைகள் 18 டிகிரியையும் சமையலறையும் நடைவழிகளும் 13 டிகிரியையும் எட்ட வேண்டும் என்றது. குளிர் பழகிய ஒரு நாட்டுக்கு அதுவே பெரிய கனவு. பிறகு வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை, ஏறத்தாழ 1.3 கோடி வாடிக்கையாளர்களின் 4 கோடி அடுப்புகளையும் ஹீட்டர்களையும் பாய்லர்களையும் ஆட்கள் வீடு வீடாகப் போய் மாற்றினார்கள். நிலக்கரியிலிருந்து வடித்த பழைய கேஸைப்போல் இரு மடங்கு வெப்பம் தருவது புதிய கேஸ் என்பதால் பர்னர்களையும் அவற்றின் துளைகளையும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது. அமைதிக் காலத்தில் ஒரு நாடு தன் வீடுகளுக்குள் இவ்வளவு ஆழமாக நுழைந்து வேலை செய்தது அபூர்வம், அந்தத் தொழிலாளர்களின் உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் சுடரை மாற்றினார்களே தவிர நீரின் சூட்டை யாரும் தொடவில்லை. புதிய கேஸில் கந்தகம் மிகக் குறைவு. இரண்டாவது காரணமும் அத்தோடு தளர்ந்துவிட்டது. எண் மட்டும் நின்றது.

அந்த எண் விலை கேட்கத் தொடங்கியது கண்டென்சிங் பாய்லர் வந்த பிறகுதான். ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகப் புகையோடு சேர்கிறது. கேஸில் உள்ள மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. புகையைக் குளிரவைத்து ஆவியை மீண்டும் நீராக்கினால் அந்தப் பங்கு வீட்டுக்குத் திரும்பும். குளிரவைக்கப் பாய்லரிடம் வேறு எதுவும் இல்லை, ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் நீர்தான் உண்டு. அது 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி படியத் தொடங்கும். 40, 35 என்று இறங்க இறங்கப் படிவது கூடும். 71-இல் திரும்பும் நீரால் ஒன்றும் படியாது. அதாவது பழைய பாய்லர் எதற்கு அஞ்சியதோ அதுவே புதிய பாய்லருக்கு உணவு. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய கேஸ் பாய்லர்கள் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் பெட்டியை மாற்றியது. சுவரில் இருந்த ரேடியேட்டரும் தரைக்கடியில் ஓடிய குழாயும் பொருத்துபவரின் கைப்பழக்கமும் பழையபடியே இருந்தன. பானை புதிது, கள் பழையது. 2009-இல் எனர்ஜி சேவிங் டிரஸ்ட் வெளியிட்ட கள ஆய்வில், ஆய்வகத்தில் 90 சதவீதத்தை ஒட்டிய திறன் காட்டிய பாய்லர்கள் வீடுகளில் சராசரியாக 85 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் எட்டின. இடைவெளி முழுவதையும் நீரின் சூட்டின் மேல் சுமத்த முடியாது, பெரும்பங்கை அதுவே விளக்குகிறது.

இப்படிச் சொல்வதால் ஒவ்வொரு பெரிய பில்லுக்கும் காரணம் 82 என்று ஆகிவிடாது. முதலில் பார்க்க வேண்டியது மீட்டர், அங்கும் ஒரு பழைய அளவை உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனின் பழைய மீட்டர்கள் நூறு கன அடிகளில் எண்ணும், புதியவை கன மீட்டரில் எண்ணும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். புதிய மீட்டர் பொருத்திய வீட்டைக் கணக்கேட்டில் பழைய வகை என்று பதிந்துவிட்டால், எரிக்காத கேஸுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பில் வரும். பில்லில் வரும் கன மீட்டரைச் சுமார் 11-ஆல் பெருக்கினால் கிலோவாட் மணி கிடைக்கும். மீட்டரின் முகத்தையும் பில்லையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

மீட்டர் சரியென்றால் வீட்டையும் பாய்லரையும் பிரித்தறிய வேண்டும். அதற்கு டிகிரி-நாள் கணக்கு இருக்கிறது. நாளின் சராசரி வெப்பம் 15.5 டிகிரிக்கு எவ்வளவு கீழே போகிறதோ, அந்தக் குறைவை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவது. (15.5 என்பதும் 60 ஃபாரன்ஹீட்டின் மறுபெயரே.) இந்தக் கூட்டல் முறைக்கு வேர் வேளாண்மையில் இருக்கிறது. பயிர் விளைவதற்கு எவ்வளவு வெப்பம் சேர வேண்டும் என்று அளக்க 1878-இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி இதை வகுத்தளித்தார். நம் பகுதியில் தாது வருடப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பிறகு அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. வயலின் வெப்பத்தைக் கூட்டப் பிறந்த கணக்கு இன்று வீட்டின் குளிரைக் கூட்டுகிறது. வாரந்தோறும் எரித்த கேஸை அந்த வாரத்தின் டிகிரி-நாளுக்கு எதிரே புள்ளி வைத்தால் ஒரு சாய்கோடு விழும். கோடு செங்குத்தாக இருந்தால் குளிரின் ஒவ்வொரு டிகிரிக்கும் வீடு அதிகம் கேட்கிறது என்று பொருள். சுவரும் கூரையும் கசிகின்றன, அல்லது பாய்லர் வீணாக்குகிறது. கோடு சாதாரணமாக இருந்தும் மொத்தமாக உயரத்தில் தொடங்கினால் கோடையிலும் எதுவோ எரிகிறது: குளியல் வெந்நீர், மூடாத வால்வு வழியே யாரும் கேட்காத ரேடியேட்டருக்கு ஓடும் நீர், இரவு பகலாகச் சூடாகவே வைக்கப்படும் தொட்டி. புள்ளிகள் கோட்டில் அடங்காமல் சிதறினால் வெளிக்குளிருக்கும் அடுப்புக்கும் தொடர்பே இல்லை. கட்டுப்பாட்டுப் பொறிகளைத்தான் அங்கே பார்க்க வேண்டும்.

செங்குத்தான கோட்டில் வீட்டின் பங்கு எவ்வளவு, பாய்லரின் பங்கு எவ்வளவு என்று சொல்வது திரும்பும் குழாய். அதன்மேல் ஒரு வெப்பமானியைக் கட்டிவைத்தால் போதும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம் என்றால் பம்ப் வேகமாகத் தள்ளுகிறது, அல்லது அறைகளுக்குப் போகாமல் குறுக்குவழி வால்வில் நுழைந்து சூடான நீர் நேரே திரும்பிவிடுகிறது. சில ரேடியேட்டர்கள் கொதிக்கச் சில ஆறிக்கிடந்தால் நீர் பங்கிடப்படவில்லை. அப்போது வழக்கமாகப் பாய்லரின் சூட்டைத்தான் ஏற்றுவார்கள், நோய் இன்னும் முற்றும். குளியலுக்கு உடனடி வெந்நீர் தரும் காம்பி பாய்லர்களில் இன்னொரு சிக்கல். குளியலுக்கு 24 முதல் 30 கிலோவாட் தேவை, ஒரு நடுத்தர வீட்டைச் சூடாக்கக் கடுங்குளிரிலும் அதில் பாதிகூட வேண்டியதில்லை. அந்தப் பெரிய பர்னரால் போதிய அளவு தணிந்து எரிய முடியாவிட்டால் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து ஓடும், ஒவ்வொரு தொடக்கத்திலும் கொஞ்சம் வெப்பம் புகைபோக்கியில் போகும்.

நீரின் சூட்டைக் குறைத்தால் வீடு சூடாகாது என்பது பொருத்துபவர்களின் நேர்மையான மறுப்பு. கணக்கிட்டே பார்க்கலாம். 82-71-க்கு அளவெடுத்த ரேடியேட்டரில் நீரின் சராசரி சூடு 76 டிகிரியை ஒட்டியது, 20 டிகிரி அறையைவிட 56 அதிகம். போகும் நீரை 65-ஆகவும் திரும்புவதை 55-ஆகவும் குறைத்தால் அந்த வேறுபாடு 40 ஆகும், ரேடியேட்டர் தரும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகும். 55-45 என்றால் பாதிக்கும் சற்றுக் கீழே. உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழான நாளுக்கு அளவெடுத்த வீட்டுக்கு, மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் வெளியே ஆறு ஏழு டிகிரி உள்ள நாள் வரை தாங்கும். தெற்கு இங்கிலாந்தின் குளிர்கால நாள்களில் பல அந்த ஆறு ஏழை ஒட்டியவைதான். ரேடியேட்டர் மாட்டிய பிறகு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும் கூரைக்கடியில் காப்பும் போட்ட வீடு இன்னும் குளிரான நாளையும் அதே நீரில் சமாளிக்கும். ஆண்டில் சில வாரக் கடுங்குளிருக்கு உயர்ந்த சூடு வேண்டும் என்பது உண்மை. அந்தச் சில வாரங்களின் எண்ணை ஏழு மாதமும் ஓட்டுவதுதான் வீண். தொட்டியில் சேமிக்கும் குளியல் நீரை 60 டிகிரிக்கு ஏற்றியே ஆக வேண்டும், இல்லையேல் லீஜியனெல்லா கிருமி வளரும். அது ரேடியேட்டர் நீரோடு சேர்த்துக் குழப்ப வேண்டிய விஷயம் அல்ல.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நடுத்தர வீடு ஆண்டுக்கு 20,500 கிலோவாட் மணி கேஸ் எரிப்பதாக 2003-இல் கொண்ட கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம், 2023-இல் அதை 11,500-ஆகக் குறைத்துக்கொண்டது. கண்டென்சிங் பாய்லர் தோற்றிருந்தால் இந்த வீழ்ச்சி எப்படி வந்தது? அது தோற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் எரியும் சிறு சுடரையும் மட்டமான பழைய அடுப்புகளையும் ஒழித்ததே பெரிய லாபம். காப்புப் போட்ட சுவர்களும் ஏறிய விலையும் மீதியைச் செய்தன. எனினும் சராசரி இறங்குவது ஒரு தனி வீட்டின் நோயைக் குணமாக்காது. சராசரி இறங்கிய பிறகுதான் இறங்காத வீடு கண்ணில் படுகிறது. 1970-இல் பத்து வீட்டில் மூன்றில்தான் மையச் சூடேற்றம் இருந்தது. வீடுகளின் உள்வெப்பம் அன்று சராசரியாக 12 டிகிரியை ஒட்டி இருந்ததாகவும் இன்று 17-ஐத் தாண்டுவதாகவும் அரசின் மதிப்பீடுகள் சொல்கின்றன. ஓர் அறையில் கூடி உட்கார்ந்த குடும்பம் எல்லா அறைகளிலும் வாழத் தொடங்கியதற்கு ஆகும் கேஸ் வீணல்ல. அதை வீண் என்று கண்டுபிடித்துச் சொல்பவர் முதியவர்களைக் குளிரில் உட்கார வைக்கிறார். தேட வேண்டியது, யாருடைய கை கால்களையும் சூடாக்காமல் புகையோடு போகும் அந்தப் பத்தில் ஒரு பங்கு.

2022 அக்டோபரில் விலையேற்றத்தின் நடுவே நெஸ்டா என்ற அறக்கட்டளை, காம்பி பாய்லர் வைத்திருப்போர் ரேடியேட்டர் நீரை 60 டிகிரிக்குக் குறைக்கும்படி நாடெங்கும் கேட்டுக்கொண்டது; 6 முதல் 8 சதவீதம் கேஸ் மிஞ்சும் என்றது. அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் கட்டட விதி, புதிய சூடேற்ற அமைப்பில் போகும் நீர் 55 டிகிரியைத் தாண்டாதபடி வடிவமைக்கச் சொன்னது. 180 ஃபாரன்ஹீட்டுக்கு விதிப்புத்தகத்தில் விடை கொடுத்தாயிற்று. ஆனால் ரேடியேட்டர்களும் குழாய்களும் உட்பட முழு அமைப்பையும் புதிதாகப் போடும்போதுதான் அந்த விதி பிடிக்கும். பாய்லரை மட்டும் கழற்றி மாட்டும் வீட்டில் திருகு எந்த எண்ணில் நிற்கும் என்பது மாட்டுபவரின் விரலில் இருக்கிறது. இப்போது கேஸே வேண்டாம் என்று அதே ரேடியேட்டர்களோடு வெப்பப் பம்ப் இணைக்கும் வீடுகள் பெருகுகின்றன. வெப்பப் பம்புக்கு நீரின் சூடு ஏற ஏறத் திறன் சரியும், கண்டென்சிங் பாய்லருக்கு ஆவதைவிட வேகமாக. சூட்டைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்த வீடுகளில் மின்கட்டணம் எகிறுகிறது. அங்கும் முதலில் பழி விழுவது பம்பின் மேல்தான்.