பழவேற்காடு: சாரத்தில் தங்கிய பெயர்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி. மாரிக்காலம் முடிந்து பூநாரைகள் வந்திறங்கும் நாட்களில் அவ்வேரியின் அழகைச் சொல்லி முடியாது. விடுமுறை நாளில் வருவோர் படகேறி, மீன் வாங்கி, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். நாம் பார்க்க விழைந்தது வேறொன்று.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, இங்கே 'மூர்கள்' பலர் வாணிகம் செய்ததையும், இவ்வூரின் வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்திராவுக்கும் சென்றதையும் குறித்திருக்கிறார். மூர்கள் என்று அவர்கள் அழைத்தது முஸ்லிம்களையே. பெருங்கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் கழிமுகம் வழியே சரக்கை ஏற்றி இறக்கிய துறைமுகம் இது.

அந்தத் துணியின் நினைவு இன்னும் அழியவில்லை. மலேசியாவில் தொழுகைக்குச் செல்லும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்திற்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது ஐரோப்பியர் நாவில் 'புலிக்காட்' ஆகிய இந்தப் பழவேற்காடே என்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் வீடுகளில் வழங்கும் 'பாளையக்காட்' கைலியும் அப்பெயரின் வழி வந்ததே. நாள்தோறும் உடுத்துகிறோம், ஊரை மட்டும் மறந்துவிட்டோம்!

இத்துணியே டச்சுக்காரர்களையும் இங்கு இழுத்து வந்தது. கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க அவர்களுக்குச் சோழமண்டலத் துணி வேண்டியிருந்தது. 1610-இல் விஜயநகர மன்னரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். போர்த்துக்கீசியர் 1612-இல் அதைத் தாக்கி அழிக்கவே, 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்கள் வாணிகத்தின் தலைநகர் இவ்வூரே. முன்பு தடையின்றிக் கடலோடிய முஸ்லிம் வணிகர்கள் அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கிப் பாய் விரிக்க நேர்ந்தது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. பஞ்ச காலங்களில் இக்கரையின் ஏழை மக்களை விலைக்கு வாங்கி, படேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினர். அழகிய ஏரியைக் காண வருவோரிடம் இதை எவரும் சொல்வதில்லை.

கோட்டையை ஆங்கிலேயர் 1806-இல் தகர்த்தனர். 1825-இல் ஊரும் அவர்கள் கைக்கு வந்தது. அகழியும் முட்புதர் மூடிய மேடுகளுமே இப்போது எஞ்சியுள்ளன. டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் காவலில் நன்றாகவே இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே 17-ஆம் நூற்றாண்டின் பெயர்களும் விருதுச் சின்னங்களும் கல்லில் தெளிவாகத் தெரிகின்றன. விற்றவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. விற்கப்பட்டவர்களுக்கு நடுகல்லும் இல்லை.

அங்கிருந்து முஸ்லிம் தெருக்களுக்கு வந்தோம். பெரிய பள்ளிவாசலும் சின்னப் பள்ளிவாசலும் உள்ள பகுதி இது. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய உதவிய சூரியக் கடிகாரம் இருக்கிறது. பெண்கள் பனை ஓலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். வண்ண ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாக அவர்கள் பின்னுவதைப் பார்க்கையில் பழைய கட்டத்துணியின் நினைவு வருகிறது. இது நம் கற்பனையாகவும் இருக்கலாம்.

தம் முன்னோர் அறபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்தவர்கள் என்பது இவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதை அப்படியே வரலாறென எழுதிவிட நாம் துணியமாட்டோம். கட்டுக்கதை எனத் தள்ளுவதும் அறியாமை. சான்று தேடவேண்டிய இடம் வீடுகள். அறபுத் தமிழில் எழுதிய பழைய ஏடுகள் சில குடும்பங்களில் உள்ளன என்கிறார்கள். கடற்காற்றும் கரையானும் காகிதத்திற்குப் பகை. அறபுத் தமிழை வாசிக்கத் தெரிந்த முதியோரும் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். கல்லறைகளுக்குக் காவலர் இருக்கிறார். இந்த ஏடுகளைப் படியெடுக்க நம் கல்லூரிகளிலிருந்து நான்கு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறைக்கு வந்தாலே போதும். பொன்னேரியிலிருந்து பேருந்து இருக்கிறது.