மோட்டார் வண்டியும் நியாய விலையும்

பொருள் சில; அதனை வேண்டுவோர் பலர். இத்தகைய வேளையில் அப்பொருளின் நியாய விலை யாது என்னும் வினா, வாணிகம் தோன்றிய நாள்தொட்டு மக்களை வருத்தி வருவதாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மோட்டார் வண்டிச் சந்தையில் இவ்வினா மிகக் கடுமையாக எழுந்தது. அங்கு வாங்குவோரும் விற்போரும் நடத்திய பேரத்தின் வரலாறு, விலையை அறிந்துகொள்ளும் உரிமை சட்டவடிவு பெற்ற வரலாறுமாகும்.

அந்நாட்டின் பெருங் கடைகளிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பேரம் பேசும் வழக்கம் மறையத் தொடங்கிவிட்டது. பிலடெல்பியா நகரத்து வணிகரான ஜோன் வனமேக்கர் போன்றோர், பண்டங்களின்மீது விலையை எழுதி ஒட்டி, யாவர்க்கும் ஒரே விலை என்னும் முறையைப் பரப்பினர். மோட்டார் வண்டி மட்டும் அம்முறைக்கு உட்படவில்லை. புதுவண்டி வாங்க வருபவர் பெரும்பாலும் தமது பழைய வண்டியைக் கொடுத்து, எஞ்சிய தொகையையே பணமாகச் செலுத்தினர். பழைய வண்டி ஒவ்வொன்றின் நிலையும் வேறு. ஆகவே ஒவ்வொரு விற்பனையும் தனித்தனிப் பேரமாயிற்று. மேலும், தொழிற்சாலை வண்டியை முகவருக்கு விற்றது. முகவர் அதனைத் தம் பொருளாக மக்களுக்கு விற்றார். தொழிற்சாலை கூறிய பட்டியல் விலை ஓர் ஆலோசனையாகவே நின்றது.

இரண்டாம் உலக யுத்தம் இச்சந்தையைத் தலைகீழாக்கியது. 1942 பெப்ரவரியிற் பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் யுத்த டாங்கிகளையும் விமானங்களையும் செய்யலாயின. கையிருப்பில் இருந்த புது வண்டிகள், வைத்தியர் போன்ற இன்றியமையாத பணியினர்க்கே அனுமதிச் சீட்டின் பேரில் விற்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் பழைய வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டினர். யுத்தம் முடிந்ததும் இலட்சக்கணக்கான போர்வீரர் வீடு திரும்பினர். யுத்தகாலத்திற் செலவிட வழியின்றிச் சேர்ந்த பணம் பலர் கையில் இருந்தது; வாங்குவதற்கு வண்டியோ இல்லை.

1945 யூலை 3ஆந் தேதி போர்ட் தொழிற்சாலையிலிருந்து யுத்தத்தின் பின்னரான முதற் பொதுமக்கள் வண்டி வெளிவந்தது. ஆயினும் உருக்குத் தட்டுப்பாடும் வேலைநிறுத்தங்களும் உற்பத்தியைத் தடுத்தன. 1945 நவம்பரில் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனித் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 113 நாட்கள் நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் வோல்ற்றர் ரூதர் வேதனத்தை 30 சதவீதம் உயர்த்தும்படி கோரினார். அதற்காக வண்டியின் விலையை உயர்த்தலாகாது என்றும், உயர்த்தாமற் கொடுக்க இயலாதெனிற் கொம்பனி தன் கணக்கேடுகளைத் திறந்து காட்டவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கொம்பனி அதற்கு இணங்கவில்லை. முடிவில் மணிக்குப் பதினெட்டரைச் சத உயர்வோடு வேலைநிறுத்தம் ஓய்ந்தது, கணக்கேடுகள் திறக்கப்படவில்லை. எனினும், ஒரு பொருளின் விலை நியாயமானதா என்பதைக் கணக்கைக் காணாமல் எங்ஙனம் தீர்மானிப்பது என்ற கேள்வி நாட்டின் பொதுவாழ்வில் எழுந்து நின்றது.

அக்காலத்தில் அரசாங்கத்தின் விலை நிருவாக அலுவலகம் வண்டிகளுக்கு உச்சவிலை விதித்திருந்தது. 1946 நவம்பர் 9ஆந் தேதி சனாதிபதி ட்ரூமன் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார். அவ்வாண்டு முழுவதும் உற்பத்தியான வண்டிகள் ஏறத்தாழ 21 இலட்சமே. தொழிற்சாலைகள் பட்டியல் விலையைச் சந்தை தாங்கக்கூடிய அளவிற்கு உயர்த்தவில்லை. நெடுங்கால நற்பெயரை அவை கருதின. ஆனால் அவ்விடைவெளியில் இருந்த இலாபம் எவர் கைக்கும் போகாமல் நிற்கவில்லை. வாங்குவோர் பல முகவரிடம் ஒரே வேளையிற் பெயரைப் பதிந்து காத்திருந்தனர். முகவருட் சிலர் பழைய வண்டிக்கு மிகக் குறைந்த மதிப்பே கொடுத்தனர். சிலர் வானொலி, வெப்பமூட்டி முதலிய வேண்டாத துணைக்கருவிகளைப் பொருத்தி, அவற்றையும் வாங்கினாலன்றி வண்டி இல்லை என்றனர். சிலர் பற்றுச்சீட்டில் ஏறாத பணத்தை மறைவிற் பெற்றனர். புத்தம் புதிய வண்டிகள் சில மைல் தூரம் மட்டும் ஓடியபின், ‘பழைய வண்டி’ என்னும் பெயருடன் புது வண்டியின் பட்டியல் விலைக்கு மேலாக விற்கப்பட்ட விந்தையும் நிகழ்ந்தது.

1949இல் உற்பத்தி 50 இலட்சத்தைக் கடந்தது. 1955இல் 79 இலட்சத்தை எட்டியது. அருமை நீங்கினால் நேர்மை திரும்பும் என எண்ணினோர் ஏமாந்தனர். இப்பொழுது வண்டிகள் மிகுந்துவிட்டன. தொழிற்சாலைகள் முகவரை நெருக்கின. முகவர் வாங்குவோரைக் கவரப் புதிய தந்திரத்தைக் கையாண்டனர். எடுத்துக்காட்டாக, 2,500 டொலர் பெறுமதியான வண்டிக்கு 3,000 டொலர் என விலை கூறப்படும். வாங்குபவரின் பழைய வண்டி 600 டொலரே பெறும். அதற்கு 1,000 டொலர் தருவதாகச் சொல்லப்படும். 400 டொலர் மிச்சம் என மகிழ்ந்து அவர் 2,000 டொலரைச் செலுத்துவார். உண்மையில் அவர் செலுத்தவேண்டியது 1,900 டொலரேயாம். மகிழ்ச்சியோடு வீடு சென்றவர் 100 டொலரை இழந்தவராவார்.

இத்தீமையை ஆராய முன்வந்தவர் ஒக்லஹோமா மாநிலத்துச் செனற் சபை உறுப்பினர் மைக் மொன்றோனி. இளமையிற் பத்திரிகை நிருபராய் இருந்தவர் அவர். அவர் தலைமையில் இயங்கிய உபகுழு மோட்டார் வண்டி விற்பனை முறைகளை விசாரித்தது. அதன் பயனாக உருவான சட்டத்திற் சனாதிபதி ஐசன்ஹவர் 1958 யூலை 7ஆந் தேதி கையொப்பமிட்டார். 1959ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதலாக, புது வண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்படவேண்டும் என்பது விதி. வண்டியின் வகை, தொடரிலக்கம், இறுதியாகப் பொருத்தப்பட்ட இடம், தொழிற்சாலை கூறும் சில்லறை விலை, துணைக்கருவி ஒவ்வொன்றின் விலை, ஏற்றிவந்த கூலி, இவற்றின் மொத்தம் ஆகியன அதில் இருத்தல் வேண்டும். வாங்குபவர் கையில் வண்டி சேருமுன் அச்சீட்டை வேண்டுமென்றே அகற்றுவோர்க்கும் மாற்றுவோர்க்கும் 1,000 டொலர் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். இன்றும் அச்சீட்டு மொன்றோனியின் பெயராலேயே அந்நாட்டில் வழங்குகின்றது.

இச்சட்டம் விலையைக் கட்டுப்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சீட்டிலுள்ள விலைக்குக் கீழும் விற்கலாம்; மேலும் விற்கலாம். விலை இன்னது என்பதை மறைத்தல் மட்டுமே தடுக்கப்பட்டது. அருமை மீண்டும் வந்தபோது இதன் எல்லை வெளிப்பட்டது. 1989இல் மஸ்டா கொம்பனியின் மியாட்டா என்னும் சிறு வண்டி 13,800 டொலர் அடிப்படை விலையோடு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, முகவர் பலர் அதற்குமேல் ஆயிரக்கணக்கான டொலர் கேட்டனர், கொடுத்தோரும் உளர். 2021இல் மின்னணுச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் உற்பத்தி குறைந்தபொழுதும் அவ்வாறே நிகழ்ந்தது. மிகை விலை கேட்ட முகவரைத் தொழிற்சாலைகளே 2022இல் எச்சரிக்க நேர்ந்தது. ஆயினும் 1946க்கும் 2021க்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. முன்னவர் எவ்வளவு மிகையாகக் கொடுத்தோம் என்பதை அறியாமலே கொடுத்தனர். பின்னவர் சீட்டைப் பார்த்து, மிகையைக் கணக்கிட்டு, கொடுப்பதா காத்திருப்பதா என்று தாமே தீர்மானித்தனர்.

இவ்வரலாறு பேரம் பேசுவோர்க்குச் சில நெறிகளையும் தந்துள்ளது. புது வண்டியின் விலை, பழைய வண்டியின் மதிப்பு, கடனின் வட்டி, துணைக்கருவிகளின் விலை ஆகிய நான்கையும் ஒன்றாகக் கலந்து பேசுதல் விற்போர்க்கே வசதியாகும். ஒவ்வொன்றையும் தனித்துப் பேசி, முதலிற் புது வண்டியின் முழு விலையைத் தீர்த்தபின் ஏனையவற்றிற்குச் செல்லுதல் வாங்குவோர்க்கு நன்று. முகவர் பலரிடம் விலை கேட்டறிதலும் வேண்டும். 1966இல் வெளிவரத் தொடங்கிய எட்மண்ட்ஸ் விலை நூல், முகவர் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் விலையையும் மக்களுக்கு அறிவித்தது. இதனாற் பேரத்தின் இருபக்கமும் மேலும் சமமாயின.

இவை யாவற்றினும் வலியது, வேண்டாமென்று எழுந்து செல்லக்கூடிய நிலையாகும். பொறுத்திருக்க இயலாதவர் எத்துணைச் சொல்வன்மை உடையவராயினும் அருமையின் முன் தோற்பர். பொறுத்திருக்க வல்லவரோ விலையை அறிந்திராவிடில், எதற்காகப் பொறுப்பது என்பதையே அறியார். 1958ஆம் ஆண்டின் சட்டம் மக்களுக்குப் பொறுமையைக் கொடுக்கவில்லை. அதனை எந்தச் சட்டமும் கொடுக்க இயலாது. பொறுமையைப் பயன்படுத்துதற்கு வேண்டிய அறிவை அது கண்ணாடியில் எழுதி ஒட்டிற்று.