ஈக்களைக் கொல்லும் பூஞ்சைகள்

வீட்டு ஈ, கொசு, வெள்ளை ஈ போன்ற பறக்கும் பூச்சிகளுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சைகள் இயற்கையிலேயே உள்ளன. பூச்சிகளைத் தாக்கும் பாக்டீரியாக்களும் வைரஸ்களும் பெரும்பாலும் இரையோடு குடலுக்குள் போனால்தான் வேலை செய்யும். பூஞ்சையின் வித்தோ உடலில் ஒட்டினாலே போதும். முளைவிட்டு, நொதிகளால் தோலைக் கரைத்து உள்ளே நுழைந்து, குருதியில் பெருகிச் சில நாள்களில் பூச்சியைக் கொன்றுவிடும்.

இவற்றுள் ஈக்களுக்கே உரியது எண்டமோப்தோரா மஸ்கே. ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் 1855இல் இதை விவரித்தார். நோய் தொற்றிய ஈ ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில் சாகிறது. சாகுமுன் உயரமான இடத்துக்கு ஏறும். நீட்டிய உறிஞ்சுகுழல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இறக்கைகள் மேலெழும்பி விரியும். பிறகு வயிற்று வளையங்களுக்கு இடையே பூஞ்சை வெளிவந்து வித்துகளை விசையுடன் எறியும். சன்னல் கண்ணாடியில் செத்து ஒட்டிய ஈயைச் சுற்றி மாவு தூவியதுபோல் வெள்ளை வட்டம் தெரிவது இதனால்தான். செத்த பெண் ஈயோடு புணர வரும் ஆண் ஈக்களையும் நோய் பற்றுகிறது. ஈக்குத் தற்காப்பு இல்லாமல் இல்லை: நோயின் தொடக்கத்தில் வெப்பமான இடத்தில் தங்கிப் பூஞ்சையை அடக்கிப் பிழைக்கும் ஈக்களும் உண்டு.

இவ்வளவு திறன் இருந்தும் இது கடைச்சரக்காகவில்லை. இதைச் செயற்கையாகப் பெருக்குவது கடினம். எறியப்பட்ட வித்துகளும் நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை. வேகவைத்த அரிசியிலேயே செழித்து வளரும் பெவேரியா பேசியானா என்ற பூஞ்சை அந்த இடத்தைப் பிடித்தது. பட்டுப்புழுக்களைத் தாக்கும் ஒரு நோய்க்கு இதுவே காரணம் என்று இத்தாலியின் அகஸ்டினோ பாசி 1835இல் காட்டினார். அமெரிக்கக் கோழிப்பண்ணைகளில் ஈக்களுக்கு எதிராக இது பயன்படுகிறது.

மெதுவாகக் கொல்வது பண்ணையில் குறைதான், கொசுவில் அப்படியல்ல. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிர்ந்து பரவும் நிலையை அடையப் பத்து நாள் அளவில் ஆகும். அதற்குள் கொசு செத்தால் போதும். பயிர்ப் பூச்சிகளுக்கும் பூஞ்சை பயன்படுகிறது: பொள்ளாச்சித் தென்னைகளில் 2016இல் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கு ஐசேரியா பியூமோசோரோசியா என்ற பூஞ்சை பரிந்துரைக்கப்படுகிறது.

வெயிலின் புற ஊதாக் கதிர், கடும் வெப்பம், வறட்சி ஆகியவை வித்துகளை அழிக்கும். ஆகவே மாலையில், காற்றில் ஈரப்பதம் உள்ளபோது தெளிப்பதே நல்லது. பூஞ்சைக்கொல்லிகளோடு கலக்கக் கூடாது. பட்டுப்புழு வளர்க்கும் இடங்களிலும் மல்பெரித் தோட்டங்களின் அருகிலும் பெவேரியாவைத் தவிர்க்க வேண்டும்.