ஓருயிரா, ஈருயிரா? – இத்தாலிய மொழியில் எழுந்த ஒரு வழக்கு

உயிர்கள் இரண்டு ஓரசையிற் கூடியொலிக்கும் இயல்பை நம் இலக்கண ஆசிரியர் நன்கறிந்திருந்தனர். அகரமும் இகரமும் ஐகாரமாம் என்றும், அகரமும் உகரமும் ஔகாரமாம் என்றும் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். இத்தாலிய மொழியிலே இத்தகைய ஈருயிர்கள் பல உள. அவற்றுள் ‘உஓ’ என்பது, ஒரு நாட்டின் பொதுமொழி யாது என்னும் பெருவினாவிற்கே நிலைக்களனாயிற்று.

இதன் தோற்றத்தை முதற்கண் நோக்குவோம். பிற்கால இலத்தீன் பேச்சிற் குறில் நெடில் வேறுபாடு மறைந்தது. அதன்பின், அழுத்தம் பெற்ற திறந்த அசையில் நின்ற பழைய எகரக் குறில் தஸ்கனி நாட்டில் ‘இஎ’ எனவும், ஒகரக் குறில் ‘உஓ’ எனவும் பிளந்தன. பாதத்தைக் குறித்த ‘பெதெம்’ ‘பிஎதே’ ஆயிற்று. புதியது எனப் பொருள்படும் ‘நொவும்’ ‘நுஓவோ’ ஆயிற்று. மெய்யால் மூடப்பட்ட அசையில் இம்மாற்றம் நிகழவில்லை. ஆதலின் உடலைக் குறித்த ‘கொர்புஸ்’ ‘கொர்போ’ என்றே நின்றது. அழுத்தம் இடம்பெயரின் ஈருயிரும் மறையும்: ஒலி ‘சுஓனோ’, ஒலிமிக்கது ‘சொனோரோ’.

பதினான்காம் நூற்றாண்டிலே தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சியோ என்னும் மூவரும் தஸ்கனி மொழிக்குப் பெருமை தேடினர். 1525இல் பெம்போ இலக்கிய மொழிக்குப் பெத்ரார்க்காவையும் பொக்காச்சியோவையுமே முன்மாதிரியாக்கினார். இவ்வாறு ‘நுஓவோ’ இத்தாலியா எங்கணும் எழுத்து வழக்காய் நிலைபெற்றது. ஆயின், காலப்போக்கில் புளோரன்சு மக்களின் பேச்சிலே ‘உஓ’ மீண்டும் ‘ஓ’ எனச் சுருங்கியது.

1861இல் இத்தாலிய அரசு நிறுவப்பட்டபொழுது, மக்களுள் நூற்றுக்கு 2.5 பேரே இத்தாலியம் பேசினர் எனத் தெ மௌரோ 1963இற் கணித்தார். 1982இற் கஸ்தெல்லானி ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் என்றார். எவ்வாறாயினும், பெரும்பாலோர் பேசியவை தத்தம் வட்டார மொழிகளே. இக்குறையை நீக்குமாறு 1868இல் கல்வியமைச்சர் புரோலியோ அமைத்த குழுவில், நாவலாசிரியர் மான்சோனி தம் அறிக்கையை அளித்தார். வாழும் புளோரன்சு வழக்கையே நாடு முழுவதும் கற்றல் வேண்டும் என்பது அவர் துணிபு. அக்கொள்கை வழியே 1870இல் வெளிவரத் தொடங்கிய அகராதி, தன் பெயரிலேயே ‘புதிய’ என்பதற்கு ‘நோவோ’ என்னும் வடிவை ஏற்றது.

மொழிநூலறிஞர் அஸ்கோலி 1873இல் இவ்வொரு சொல்லையே பற்றி மறுப்புரை தொடங்கினார். நாடெல்லாம் ‘நுஓவோ’ என எழுத, ஒரு நகரின் பேச்சை ஏனையோர்மேற் சுமத்துதல் முறையோ என வினவினார். அரசியலிற் பிரிந்துகிடந்த செருமானியர், அறிவுழைப்பினாலே பொதுமொழியை ஆக்கினர் எனக் காட்டினார். இத்தாலியாவின் குறை ஒலியிலன்று. கல்வி சிலரிடம் மட்டும் தங்கியதே குறை என்றார்.

முடிவு யாது? ‘நுஓவோ’, ‘புஓனோ’ என்பன இன்றும் நிலைபெற்றுள்ளன. விளையாட்டைக் குறிக்கும் ‘ஜுஓகோ’ என்பதோ ‘ஜோகோ’ ஆயிற்று. ஆகவே, இருதிறத்தாரும் ஓரோவழி வென்றனர் எனலாம். எனினும், பொதுமொழியை மக்களிடை பரப்பியவை அகராதியினும் பள்ளியும் செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியுமே. மொழியை ஆக்குவோர் அதனைக் கற்றுப் பயிலும் மக்களே என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.