பதினான்குக்கு ஒன்று

முதல் கால் நூற்றாண்டில் அமெரிக்கா வீட்டோவைத் தொட்டதே இல்லை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் சோவியத் யூனியன் நூறு முறைக்கு மேல் முட்டுக்கட்டை போட்டிருந்தது. அந்தக் கணக்கைச் சொல்லிக்காட்டுவது வாஷிங்டனுக்குப் பிடித்தமான காரியம். தாங்கள் பேசி ஆள் சேர்ப்பவர்கள், மாஸ்கோ கதவைச் சாத்துகிறவர்கள் என்று உலகம் புரிந்துகொள்ள வேண்டுமாம். உண்மையில் அன்று கவுன்சிலில் அமெரிக்காவுக்கு ஆள்பலம் இருந்தது, வீட்டோ தேவைப்படவில்லை. 1945-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் வீட்டோவை எதிர்த்த சிறிய நாடுகளின் முன்னால், வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை என்று சாசனத்தின் பிரதியைக் கிழித்துக் காட்டியவர் டாம் கானலி என்ற அமெரிக்க செனட்டர்தான்.

அப்புறம் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை பெற்று வந்தன. 1965-இல் கவுன்சிலின் இடங்கள் பதினொன்றிலிருந்து பதினைந்தாயின. வாக்கு எண்ணிக்கை கைவிட்டுப் போகத் தொடங்கியது. 1970 மார்ச் 17 அன்று, வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி நடந்த ரொடீசியா விவகாரத்தில், பிரிட்டனோடு சேர்ந்து அமெரிக்கா தன் முதல் வீட்டோவைப் போட்டது. இரண்டாவது 1972 செப்டம்பர் 10. அது தனியாகப் போட்டது, இஸ்ரேலுக்காகப் போட்டது. நான் சொல்ல வந்த வழக்கம் அன்றுதான் பிறந்தது.

ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் இரவு வேலை. நியூயார்க்கில் மாலை நான்கு மணிக்கு வாக்கெடுப்பு நடந்தால் நமக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். வெளியூர்ப் பதிப்பு அதற்குள் வண்டி ஏறிவிடும். உள்ளூர்ப் பதிப்பில், மாநகராட்சிச் செய்திக்கும் பல்பொடி விளம்பரத்துக்கும் நடுவே, நாலு வரிக்கு இடம் கிடைத்தால் உண்டு. டெலிபிரிண்டரில் வந்து விழும் அந்தச் செய்திக்கு மாறாத ஒரு வடிவம் இருந்தது: இஸ்ரேலைக் கண்டிக்கும் தீர்மானம், இத்தனை நாடுகள் ஆதரவு, அமெரிக்கா வீட்டோ. தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும் காலியாக விட்டு ஒரு காப்பியை இழுப்பறையில் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று எங்கள் சீஃப் சப் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலில் நியாயம் இருந்ததால்தான் பழைய ஆவணங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1972-இன் கதை எளிமையானதில்லை. செப்டம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக்கில் பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் இஸ்ரேலிய வீரர்களையும் பயிற்சியாளர்களையும் பிணை பிடித்தார்கள். பதினொரு இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து இஸ்ரேலிய விமானங்கள் லெபனானிலும் சிரியாவிலும் குண்டு போட்டன. கினி, சோமாலியா, யுகோஸ்லாவியா மூன்றும் கவுன்சிலில் ஒரு சிறிய தீர்மானத்தைக் கொண்டுவந்தன. எல்லாத் தரப்பினரும் ராணுவ நடவடிக்கைகளை உடனே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இந்தியா உள்பட 13 நாடுகள் ஆதரித்தன. பனாமா ஒதுங்கிக்கொண்டது. எதிர்த்து உயர்ந்தது ஒரே கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ் புஷ், பிற்பாடு அதிபரான பெரிய புஷ். அப்போது அவர் ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர். விளைவைப் பற்றிப் பேசும் தீர்மானம் மியூனிக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். மியூனிக்கின் ரத்தம் அப்போது காயவில்லை. ஆனால் ஒரு நாளுக்குப் பொருந்திய காரணத்தை எல்லா நாளுக்குமான அச்சாக வார்த்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2002 ஜூலையில், தூதர் ஜான் நெக்ரோபான்டே அதை விதியாகவே அறிவித்தார்: ஹமாஸ் போன்ற அமைப்புகளைப் பெயர் சொல்லிக் கண்டிக்காத எந்தத் தீர்மானத்தையும் அமெரிக்கா விடாது.

அதுதான் காரணம் என்றால் 1976 ஜனவரி 26-ஐ எப்படி விளக்குவது? அன்று வந்த வரைவு, பாலஸ்தீனர்களுக்குத் தனி நாடு அமைக்கும் உரிமை உண்டு என்றது. அதே தாளில், அந்தப் பகுதியின் எல்லா நாடுகளும் பாதுகாப்பான, ஏற்கப்பட்ட எல்லைகளுக்குள் அமைதியாக வாழ உத்தரவாதம் வேண்டும் என்றும் இருந்தது. பின்னாளில் இரு நாட்டுத் தீர்வு என்று அமெரிக்க அமைச்சர்கள் பேசிவந்ததன் மூல வடிவம் கிட்டத்தட்ட அதுதான். ஒன்பது நாடுகள் ஆதரித்தன. தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் வீட்டோ போட்டார். இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான ஆஸ்லோ ஒப்பந்தம் வர இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம், பிடித்த என்றால் கசப்போடுதான், 1980 மார்ச். அதற்கு முந்தைய ஆகஸ்டில் அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் ஐ.நா. பிரதிநிதியைச் சந்தித்துப் பேசியதற்காகவே பதவி விலக நேர்ந்திருந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் டொனால்ட் மெக்ஹென்றி. மார்ச் 1, சனிக்கிழமை, தீர்மானம் 465 வாக்கெடுப்புக்கு வந்தது. ஜெருசலேம் உள்பட 1967-இல் இஸ்ரேல் பிடித்த நிலங்களில் குடியேற்றங்கள் கட்டுவதற்குச் சட்ட மதிப்பு இல்லை, இருப்பவற்றைக் கலைக்க வேண்டும் என்றது அது. மெக்ஹென்றி ஆதரித்துக் கை தூக்கினார். பதினைந்துக்குப் பதினைந்து.

திங்கள் இரவு அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஓர் அறிக்கை விட்டார். தகவல் பரிமாற்றத்தில் கோளாறு, ஜெருசலேம் பற்றிய குறிப்புகள் நீக்கப்படும் என்ற நம்பிக்கையில்தான் சம்மதம் தரப்பட்டது, நாங்கள் ஒதுங்கி இருந்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். கார்ட்டருக்கு அப்போது தேர்தல் ஆண்டு. மார்ச் 25 அன்று நியூயார்க் மாநிலத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி வாக்கெடுப்பில் எட்வர்ட் கென்னடி அவரைத் தோற்கடித்தார். எங்கள் தொழிலில் அச்சான செய்திக்கு மறுநாள் மறுப்புப் போடலாம். நிறைவேறிய தீர்மானத்துக்கு அப்படி மறுப்புப் போட வழியில்லை. 465 இன்றும் ஐ.நா. ஏட்டில் அப்படியே நிற்கிறது.

இதில் வேடிக்கை, 465 சொன்னதில் அமெரிக்காவுக்குப் புதிதாக எதுவும் இல்லை. 1978 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹெர்பர்ட் ஹான்செல், குடியேற்றங்கள் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானவை என்று எழுத்தில் கருத்துக் கொடுத்திருந்தார். 1981-இல் ரீகன் வந்து, சட்டவிரோதம் இல்லை என்றார். 2019 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ ஹான்செலின் கருத்தையே தூக்கி எறிந்தார். 2024 பிப்ரவரியில் அந்தப் பதவியில் இருந்த ஆன்டனி பிளிங்கன் மறுபடி முரண் என்றார். ஒரே மண், ஒரே சட்டம், ஆள் மாறினால் கருத்து மாறுகிறது.

அமெரிக்காவால் வேறென்ன செய்திருக்க முடியும், உள்நாட்டு அரசியல் கையைக் கட்டிவிட்டதே என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். கட்டவிழ்ந்த நேரங்களும் உண்டு. சூயஸ் போருக்குப் பின் எகிப்தின் சினாயை விட்டுப் போக இஸ்ரேல் மறுத்தபோது, 1957 பிப்ரவரி 20 அன்று அதிபர் ஐசன்ஹோவர் தொலைக்காட்சியில் தோன்றி, அடுத்தவர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேற நிபந்தனை போட எந்த நாட்டையும் விடலாமா என்று தன் மக்களிடமே கேட்டார். செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் லிண்டன் ஜான்சன் உள்படப் பலர் எதிர்த்தார்கள். மார்ச்சில் இஸ்ரேல் படைகள் வெளியேறின.

இன்னொருவர் அதே ஜார்ஜ் புஷ். சோவியத் நாட்டிலிருந்து வந்து குவிந்த யூதர்களுக்கு வீடு கட்ட 1,000 கோடி டாலர் கடன் வாங்க அமெரிக்கா ஜாமீன் நிற்க வேண்டும் என்று 1991-இல் இஸ்ரேல் கேட்டது. அந்தப் பணம் மேற்குக் கரைக் குடியேற்றங்களுக்குப் போகுமோ என்ற கவலையில், 120 நாள் தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டார் புஷ். செப்டம்பர் 12 அன்று செய்தியாளர்களிடம், எதிர்ப்பக்கம் ஆயிரம் பேர் ஆதரவு திரட்டுகிறார்கள், இந்தப் பக்கம் தான் ஒற்றை ஆள் என்று புலம்பவும் செய்தார். ஆனால் பிடியை விடவில்லை. 1992 ஜூன் தேர்தலில் இஸ்ரேல் பிரதமர் ஷமீர் தோற்று ராபின் வந்தார். புதிய குடியேற்றங்களைக் குறைப்பதாக அவர் சொன்ன பிறகு, ஆகஸ்டில்தான் ஜாமீனுக்குச் சம்மதம் கிடைத்தது. நவம்பரில் புஷ் தோற்றார். பொருளாதாரம்தான் அவரைக் கவிழ்த்தது என்பார்கள். எப்படியோ, அவருக்குப் பின் வந்த எந்த அதிபரும் அவ்வளவு பெரிய தொகையைக் கையில் பிடித்துக்கொண்டு குடியேற்றத்தைப் பற்றிப் பேசவில்லை.

பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஒபாமா காலத்தில் அந்தப் பேச்சு உச்சிக்குப் போனது. அவரை நம்பித்தான் 2011 பிப்ரவரி 18 அன்று, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் கையெழுத்தோடு ஒரு வரைவு வந்தது. குடியேற்றங்கள் சட்டவிரோதம், நிறுத்துங்கள் என்பதுதான் சாரம். அமெரிக்கா தானே பேசிவந்த பேச்சை ஒட்டி, வீட்டோவுக்கு இடம் வைக்காமல் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் ஆதரவு. அந்த ஆண்டு கவுன்சிலில் இருந்த இந்தியாவும் ஆதரவு. பதினான்கு கைகள். தூதர் சூசன் ரைஸ் எதிர்த்துக் கை தூக்கினார். பிறகு, இந்த எதிர்ப்பைக் குடியேற்றங்களுக்கான ஆதரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவற்றின் நியாயத்தை அமெரிக்கா ஏற்கவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். தன் கையால் எழுதிய கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து பிடுங்கிக் கிழித்துப் போட்டதைப் போல இருந்தது அது. நேரடிப் பேச்சுவார்த்தைதான் வழி, ஐ.நா. தீர்மானம் அதைக் கெடுத்துவிடும் என்பது வாதம். அந்தப் பேச்சுவார்த்தையோ முந்தைய செப்டம்பரிலேயே, குடியேற்றத் தடையை இஸ்ரேல் நீட்டிக்க மறுத்ததில் முறிந்து கிடந்தது.

2016 இன்னும் விசித்திரம். செப்டம்பரில் ஒபாமா அரசு இஸ்ரேலுக்குப் பத்து ஆண்டுகளில் 3,800 கோடி டாலர் ராணுவ உதவிக்கு ஒப்பந்தம் போட்டது. அதுவரை இல்லாத தொகை. டிசம்பர் 23 அன்று அதே அரசு, குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானம் 2334-ஐ வீட்டோ போடாமல் ஒதுங்கி நின்று நிறைவேறவிட்டது. பதவி முடிய நான்கு வாரம் இருந்தது. முதலில் கொண்டுவந்த எகிப்து, பதவியேற்கவிருந்த டிரம்ப் தொலைபேசியில் பேசியதும் வரைவை இழுத்துக்கொள்ள, நியூசிலாந்து, மலேசியா, செனகல், வெனிசுவேலா நான்கும் அதைக் கையில் எடுத்தன. மறு ஆண்டு டிசம்பர் 18 அன்று, ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக டிரம்ப் அங்கீகரித்ததை எதிர்த்த தீர்மானத்தைத் தடுக்கக் கை தூக்கியவர் தூதர் நிக்கி ஹேலி. மறுபடி பதினான்குக்கு ஒன்று. மூன்று நாள் கழித்து பொதுச்சபையில் 128 நாடுகள் அதே கருத்துக்கு வாக்களித்தன. அதில் இந்தியாவும் உண்டு.

இப்போது டெலிபிரிண்டர் இல்லை. ஐ.நா.வின் இணைய ஒளிபரப்பை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 250 பேர் அளவில் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பின் காஸாவில் விழுந்த குண்டுகளை உலகமே பார்த்தது. போரை நிறுத்தவோ உதவிப் பொருள்களை உள்ளே விடவோ கோரிய வரைவுகளை அமெரிக்கா அக்டோபர் 18-இலும் டிசம்பர் 8-இலும் தடுத்தது. பிறகு 2024-இல் இரண்டு முறை, 2025-இல் இரண்டு முறை. டிசம்பர் 8-க்கு இரண்டு நாள் முன்பு பொதுச்செயலர் குட்டரெஸ், மிக அரிதாகவே கையில் எடுக்கப்படும் சாசனத்தின் 99-ஆவது பிரிவைக் காட்டிக் கெஞ்சியிருந்தார். துணைத் தூதர் ராபர்ட் வுட்டின் கை உயர்ந்தது. 13 நாடுகள் ஒரு பக்கம், பிரிட்டன் நடுவில். 2025 செப்டம்பர் 18 அன்று நடந்த ஆறாவது வீட்டோ, பாதுகாப்பு கவுன்சிலின் 10,000-ஆவது கூட்டத்தில் விழுந்தது.

நாற்பதைத் தாண்டிய இந்த வீட்டோக்களால் இஸ்ரேல் பாதுகாப்பாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். பாலஸ்தீனர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இஸ்ரேலுக்கான முதல் வீட்டோ விழுந்த 1972-இல், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், மேற்குக் கரையில் குடியேறியிருந்த இஸ்ரேலியர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆஸ்லோ கையெழுத்தான 1993-இல் ஒரு லட்சத்துக்கு மேல். இன்று ஐந்து லட்சத்துக்கு மேல். அமெரிக்கா தாள்களைத் தடுத்தது, புல்டோசர்களைத் தடுக்கவில்லை. தடுக்க முடியாமல் போனது என்று யாராவது சொன்னால், 1957-ஐயும் 1991-ஐயும் ஒருமுறை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.