செட்டிங்ஸைத் திறக்காதவர்களின் வரலாறு

வாவிக்கரையில் ஒரு கிடுகு வேலி. கிட்டப் போனால் ஓலைப் பின்னல் ஒவ்வொன்றும் தெரியும். தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே மண்ணிறம். எங்கட கண் இதைத் தானாகவே செய்துவிடுகிறது. கொம்பியூட்டருக்குத்தான் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேமில் வரும் சுவர், தரை, வேலி எல்லாத்திலும் ஒட்டியிருக்கும் படத்துக்கு டெக்ஸ்ச்சர் என்று பெயர். தூரத்துச் சுவருக்கும் பெரிய படத்திலிருந்தே புள்ளிகளைப் பொறுக்கினால், நகரும்போது திரை மினுங்கும். 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் ஒரு வழி சொன்னார்: அதே படத்தை அரை, கால், அரைக்கால் எனச் சிறிதாக்கி அடுக்கி வைத்து, தூரத்துக்கு ஏற்றதை எடுப்பது. இதுதான் மிப்மேப். இதற்கு மூன்றில் ஒரு பங்கு நினைவகம் கூடுதலாகத் தேவை.

1992இல் வந்த ஓபன்ஜிஎல், இந்த அடுக்கைப் பயன்படுத்துவதையே டிஃபால்ட் ஆக்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அடுக்கைக் கொடுக்க மறந்தால் டெக்ஸ்ச்சரே வராது. பொருள் வெறும் வெள்ளையாக நிற்கும், பிற்காலத்தில் கறுப்பாக. பிழைச் செய்தியும் கிடையாது. ஆக, அந்த டிஃபால்ட் பழகியவருக்கு நல்லது, புதிதாக வருபவருக்குப் பொறி.

அடுத்து வந்தது வேகப் போட்டி. 2001இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 அட்டையை ஆராய்ந்தவர்கள், குவேக் 3 கேமின் கோப்பில் 'குவேக்' என்ற சொல்லைக் 'குவாக்' என்று மாற்றிப் பார்த்தார்கள். படம் தெளிந்தது, வேகம் குறைந்தது. அதாவது, கேமின் பெயரைப் பார்த்ததும் டிரைவர் சத்தமில்லாமல் டெக்ஸ்ச்சர் தரத்தைக் குறைத்திருக்கிறது. 2003இல் என்விடியாவும் இதேபோன்ற குற்றச்சாட்டுக்கு முகம் கொடுத்தது. தரத்தைக் குறைப்பது பிழையில்லை. பழைய லாப்டொப்பில் அதைத்தான் நாங்களே செய்வோம். சொல்லாமல் குறைத்ததுதான் பிரச்சினை.

2011இல் விசயம் அழகைத் தாண்டிப் பாதுகாப்புக்கு வந்தது. வெப்ஜிஎல் மூலம் பிரவுசரே கிராஃபிக்ஸ் அட்டையோடு பேசத் தொடங்கிய வருடம் அது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் படத்தை டெக்ஸ்ச்சராக எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் வரைய ஆகும் நேரத்தை அளந்தே படத்தைத் திருடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜூனில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 5 வேற்றுத் தளப் படங்களை மறித்தது. அதனால் சில பக்கங்கள் உடைந்தன. ஆனாலும் அது சரியான முடிவு. பிறகு, படத்தை வைத்திருக்கும் தளம் அனுமதித்தால் மட்டும் கதவு திறந்தது.

கலைப்பீடத்துக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்பீர்கள். 1956க்குப் பிறகு இந்த நாட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு, யாரோ முன்கூட்டியே தெரிவு செய்து வைப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 'வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம்' என்பது, மாற்றத் தெரிந்தவருக்கு மட்டுமே பதில். அண்ணன் பாவித்துவிட்டுத் தந்த போனில் படிக்கிற பிள்ளை செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை.

அதனால் எங்கட அளவுகோல் இதுதான்: ஒன்றும் தெரியாமல் வருபவர் ஏமாறக்கூடாது. பிழை வந்தால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேகத்துக்காக எதையாவது வெட்டினால், வெட்டினோம் என்று சொல்ல வேண்டும்.